ஆறு கட்டிய வீடுகள்

புதிதாக ஒரு கிராமத்துக்குப் போனால், மண் பரிசோதனை அட்டையைக் கேட்பதற்கு முன்பே அங்குள்ள பழைய வீடுகளை ஒரு சுற்று பார்ப்பது என் வழக்கம். சுவர் எதனால் ஆனது, கூரை எவ்வளவு சரிவு, திண்ணைக்கு எத்தனை படி, தானியத்தை எங்கே வைத்தார்கள் என்ற நான்கையும் கவனித்தால் போதும். அந்த ஊரின் மண், மழை, நிலத்தடி நீர், வெள்ளம் நான்கும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

வேளாண்மைத் துறை வேலையில் கொங்குப் பக்கம் சில ஆண்டுகள், டெல்டாவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். விடுமுறைகளில் குடகு வரையிலும் போய் வந்திருக்கிறேன். இந்தப் பயணங்களில் எனக்குப் புரிந்தது இதுதான்: மாநில எல்லையோ மாவட்ட எல்லையோ வீட்டின் உருவத்தைத் தீர்மானிக்கவில்லை, ஆறுதான் தீர்மானித்திருக்கிறது. சுவருக்கும் ஓட்டுக்கும் மண்ணை ஆறு தந்தது. தொலைவில் இருந்த மரத்தைச் சுமந்து வந்தது. தரைமட்டம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று வெள்ளத்தால் சொல்லிக் கொடுத்தது. காவிரியின் போக்கிலேயே இறங்கி வந்தால் இது தெளிவாகத் தெரியும். சுமார் 800 கி.மீ. ஓடும் ஆறு அது.

மழைக்குத் தலை குனிந்த வீடு

காவிரி பிறக்கும் தலைக்காவிரியும், கீழே இருக்கும் பாகமண்டலமும் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் இடங்கள். நம் தஞ்சாவூர்ப் பக்கம் ஓராண்டில் பெய்வதைப்போல் நான்கு, ஐந்து மடங்கு. அவ்வளவு மழையில் மண்சுவர் நனைந்தால் நிற்காது. அதனால் குடகுக்காரர்களின் பூர்வீக வீடான ‘ஐன்மனை’யில் கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு இறங்கியிருக்கும். தூண்களுக்கு நடுவே உட்காருவதற்கென்று கனமான மரப்பலகை போட்டிருப்பார்கள். அதற்கு ‘ஐமரா’ என்று பெயர். நம் திண்ணை மண்ணாலும் செங்கல்லாலும் ஆனது, அங்கே அதே வேலையை மரம் செய்கிறது. காடு பக்கத்தில் இருக்கும்போது மண்ணைத் தேடுவானேன்?

வீடு நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். பள்ளத்தாக்கில் நெல் வயல், வீடு மேட்டுச் சரிவில். வாசலில் உட்கார்ந்தால் வயல் முழுவதும் கண்ணில் படும். நீர் தேங்கும் நிலத்தை நெல்லுக்கு விட்டுவிட்டு, நீர் வடியும் நிலத்தில் மனிதர் குடியிருந்தார்கள். இந்த ஒரு பாடம் கடல்வரை மாறாமல் தொடர்கிறது.

தொட்டி என்ற ஒரு சொல்

மைசூர் சமவெளிக்கு இறங்கினால் மழை குறைகிறது, வீட்டின் நடுவில் கூரை திறக்கிறது. வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்கும் அந்த நடு இடத்துக்குக் கன்னடத்தில் ‘தொட்டி’ என்று பெயர், வீட்டுக்குத் ‘தொட்டி மனெ’. ஒகேனக்கல் தாண்டி, மேட்டூர் கடந்து, பவானி வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்தாலும் அதே சொல்தான். ஈரோடு, கோவை பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘தொட்டிக்கட்டு வீடு’ என்பார்கள். இன்னும் கிழக்கே தஞ்சாவூர் போனால் அதுவே ‘முற்றம்’ ஆகிவிடுகிறது. வீட்டின் அளவை ‘இரண்டு கட்டு’, ‘மூன்று கட்டு’ என்று சொல்கிறார்கள்.

ஆனால், கொங்கு வீட்டுக்கும் தஞ்சாவூர் வீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கொங்கு விவசாயி அவரவர் தோட்டத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், ‘சாளை’ போட்டுக் குடியிருந்தார். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே காடும் தோட்டமும் கிடக்கும். டெல்டா விவசாயி யாரும் வயல் நடுவே குடியிருக்கவில்லை. எல்லாரும் ஒரே தெருவில் சுவரோடு சுவர் ஒட்டி இருந்தார்கள், வயலுக்கு நடந்து போனார்கள். காரணம் நீர்தான். கிணற்றுப் பாசனம் மனிதரை அவரவர் கிணற்றோடு தனித்தனியாகப் பிரித்து வைத்தது. ஆற்றுப் பாசனத்தில் வயல் எல்லாம் நீர் நிற்கும் இடம், குடியிருக்க ஏதாவது ஒரு மேடு கிடைத்தால் எல்லாரும் அங்கேதான் சேர வேண்டும்.

தானியம் வைத்த இடமும் இதையே சொல்கிறது. மேட்டு நிலத்தில் சோளத்தை மண்ணுக்குள் குழி வெட்டிச் சேமித்தார்கள். நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்ததால் குழிக்குள் ஈரம் வராது, மூடிவிட்டால் பூச்சியும் வராது. அதே குழியை மன்னார்குடியில் வெட்டினால் நாலு அடியில் தண்ணீர் ஊறிவிடும். அதனால் டெல்டாவில் நெல் தரைக்கு மேலே ஏறியது. மரத்தில் செய்த பத்தாயம், மண்ணில் செய்த குதிர் இரண்டும் தரையில் படாமல் உயரத்தில் நின்றன.

கல் இல்லாத நாடு

திருச்சி வரையிலும் காவிரிக்கரையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கொங்கில் வேலிக்கும் கல், சுவருக்கும் கல், காரைக்குச் சுக்கான்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. கல்லணையைத் தாண்டினால் ஆறு கிளை கிளையாகப் பிரிகிறது, கல் மறைந்துவிடுகிறது. எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான். கோயிலுக்குக் கல்லை வெளியிலிருந்து கொண்டுவர அரசர்களால் முடிந்தது, குடியானவரால் முடியுமா? அவர் ஆறு தந்ததை எடுத்துக்கொண்டார். சுவருக்குச் செங்கல் ஆனதும் கூரைக்கு ஓடு ஆனதும் ஆற்று மண்தான். பூச்சுக்குக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு. வசதி இல்லாதவருக்குக் கூரையும் ஆற்றங்கரையிலேயே கிடைத்தது: விழல், வைக்கோல், தென்னங்கீற்று. கைமரத்துக்குப் பனை, வரிச்சுக்கு மூங்கில்.

நாட்டு ஓடு செய்யும் விதத்தைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு. குயவர் சக்கரத்தில் களிமண்ணை நீளக் குழாயாக வளர்த்தெடுத்து, பச்சையாக இருக்கும்போதே இரண்டாகக் கீறிவிடுவார். காய்ந்து சூளையில் வெந்ததும் இரண்டு அரைவட்ட ஓடு. எந்த மண்ணிலும் இது வராது. சுத்தக் களியில் செய்தால் காயும்போதே வெடிக்கும். மணல் அதிகமானால் வெந்த பிறகும் நீர் கசியும். களியும் நுண்மணலும் சரியாகக் கலந்த மண் வேண்டும். அது எங்கே இருந்தது? கோடையில் வற்றிய ஏரிப் படுகையிலும் குளத்து அடியிலும் இருந்தது. வயலில் யாரும் கை வைக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புது வெள்ளம் வந்து, தோண்டிய பள்ளத்தில் மறுபடி வண்டலைப் படிய வைத்துவிடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

வெள்ளம் வைத்த மட்டம்

டெல்டாவின் நிலஅமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. வெள்ளம் கரை புரளும்போது கனமான மணல் கரையோரத்திலேயே படிந்துவிடும், நுண்ணிய களி தூரம் போய்ப் படியும். நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் படிந்ததால் ஆற்றங்கரை மேடாகவும், தள்ளிப் போகப் போக நிலம் தாழ்வாகவும் இருக்கிறது. மேட்டில் மணற்பாங்கான மண். வாழை, தென்னைக்கு ஏற்றது, மழை நீர் சீக்கிரம் வடியும். தாழ்வில் களிமண். நெல்லுக்கு ஏற்றது, நீர் நிற்கும். ஊர் நத்தம் பெரும்பாலும் அந்த மேட்டில்தான் இருக்கும். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், கரையை ஒட்டிய பழைய தெருக்கள் பலவும் கிழமேலாகவே நீண்டு கிடக்கின்றன.

அந்த மேட்டிலும் வீட்டை நேராகத் தரையில் வைக்கவில்லை. இரண்டு மூன்று படி ஏறித்தான் திண்ணை. அதிலிருந்து ரேழி, ரேழியிலிருந்து கூடம். முற்றம் மட்டும் கூடத்தைவிடத் தாழ்வு, அதில் விழும் மழை ஒரு தூம்பு வழியாக வெளியே ஓடிவிடும். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொள்வார்கள். அதற்கும் முந்தைய வெள்ளங்களின் நினைவு அந்தப் படிகளின் உயரத்தில் இருக்கிறது. அளவுகோல் வைத்து எழுதிவைக்காத வெள்ளக் குறிப்பு அது.

ஆனால், மேடு எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலம் உள்ளவர் தெரு மேட்டில் இருந்தது. அந்த நிலத்தில் உழைத்தவர்களின் கூரை வீடுகள் பல ஊர்களில் வயலை ஒட்டிய தாழ்வில், வாய்க்கால் கரையில் இருந்தன. வெள்ளம் முதலில் நுழைந்தது அங்கேதான், இப்போதும் முதலில் நுழைவது அங்கேதான். பழைய வீட்டைப் பற்றிப் பெருமை பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

மனிதரோடு போன வீடு, கப்பலில் வந்த வீடு

ஓர் ஆற்றங்கரையில் பழகியவர்கள் ஊர் மாறினால் இன்னோர் ஆற்றங்கரையைத்தான் தேடுவார்கள். காவிரிக்கரையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்க் குடியேறியவர்கள், பாரதப்புழையின் கிளையான கல்பாத்தி ஆற்றங்கரையில் அக்ரஹாரங்களை அமைத்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால் மாயவரம் தெரு மாதிரியே இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகள், வாசலில் திண்ணை, தெருக்கோடியில் கோயில். அக்கம்பக்கத்து மலையாள வீடுகளோ தனித்தனியாகத் தோப்புக்கு நடுவே நிற்கின்றன. இரண்டு ஆற்றின் பழக்கம் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஒரு பொருள் வந்தது. நம் வீடுகளில் ‘சீமை ஓடு’ என்று சொல்லும் தட்டையான மங்களூர் ஓடு, நேத்திராவதி ஆற்றுக் களிமண்ணில் பிறந்தது. ஜெர்மானியப் பாதிரிமார்களின் பாசெல் மிஷன் 1865 வாக்கில் மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பிறகு கோழிக்கோட்டுக்கு அருகே பேரோக்கில், சாலியாற்றங்கரையில் ஓட்டுச் சூளைகள் பெருகின. களிமண்ணை ஆற்றிலிருந்து எடுத்து, சுட்ட ஓட்டைப் படகிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்ப அது வசதியான இடம். ரயில் வந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த ஓடு கொங்கு நாட்டுக்கும் அப்பாலும் பரவியது. 100 சதுர அடிக்கு சுமார் 150 ஓடு போதும். நாட்டு ஓடு அதைப்போல் பல மடங்கு வேண்டும், பாரமும் அதிகம். கூரையின் மரச்செலவு குறைந்ததால் சிறு விவசாயியும் கீற்றிலிருந்து ஓட்டுக்கு மாற முடிந்தது. உங்கள் வீட்டில் பழைய சீமை ஓடு இருந்தால் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயரும் ஊர்ப் பெயரும் அச்சாகியிருக்கும். எந்த ஆற்று மண் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

காவிரிப் பாசனம் எட்டாத செட்டிநாட்டில் இன்னும் விசித்திரம். அங்குள்ள பெரிய வீடுகளின் தூண்களும் உத்தரங்களும் பர்மா தேக்கு. பர்மாக் காடுகளில் வெட்டிய தேக்கை ஐராவதி, சால்வீன் ஆறுகளில் மிதக்கவிட்டு ரங்கூனுக்கும் மௌல்மீனுக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் ஏற்றினார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து ஆறு ஒன்று, மழை குறைந்த நம் காரைக்குடிப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறது!

மேட்டூருக்குப் பிறகு

இனி விஷயத்துக்கு வருவோம். டெல்டாவில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு மெத்தை வீடு கட்டப் போறேன். செங்கல் சூளைக்காரர் வயல் மண்ணை ஒரு அடி கேக்குறார். வயலும் மட்டமாகும், காசும் வரும். கொடுக்கலாமா?”

கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன். முன்பு ஏரியில் எடுத்த மண்ணை ஆறு திரும்பக் கொடுத்தது. வயலுக்கும் ஆண்டுதோறும் புதுத் தண்ணீரோடு வண்டல் வந்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதனால் நமக்குக் கிடைத்த நன்மை கொஞ்சமல்ல. ஆனால், அணையில் தேங்கும்போது வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. மதகைத் தாண்டி வருவது தெளிந்த நீர். உங்கள் வயலில் இருக்கும் வண்டல் பழைய சேமிப்பு. எடுத்தால் எடுத்ததுதான், புதிதாகப் போட ஆளில்லை.

கணக்கும் பாருங்கள். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓர் அங்குல ஆழம் மண் எடுத்தால் 3,630 கன அடி. ஏறக்குறைய 50,000 செங்கல்லுக்கான மண். ஒரு அடி ஆழம் என்றால் 6 லட்சம் செங்கல். அங்ககக் கார்பன், நுண்ணுயிர், பயிருக்கு எடுத்துக்கொள்ளும் நிலையில் உள்ள சத்து எல்லாம் பெரும்பாலும் மேல் 6 அங்குலத்தில்தான் இருக்கின்றன. அதைக் கொடுத்துவிட்டு அடிமண்ணில் நட்டால், எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பயிர் பழைய மாதிரி எழும்பாது. வயல் பள்ளமாகிவிட்டால் பக்கத்து வயலின் வடிகால் நீரும் உங்கள் வயலில் வந்து நிற்கும்.

என்ன செய்யலாம்?

பழைய ஓட்டு வீட்டை எல்லாரும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. குரங்குத் தொல்லை, ஓடு மாற்ற ஆள் கிடைக்காமை எல்லாம் எனக்கும் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கீற்றும் ஓடும் பறந்ததையும் பார்த்திருக்கிறோம். ஆனால், முடிவெடுக்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பழைய வீட்டின் மரம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரம், கைமரம் ஆகியவற்றைத் தட்டிப் பார்த்தும், சுவரில் புதையும் முனைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தும் கரையான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். மரம் நன்றாக இருந்து ஓடும் வரிச்சும் மட்டும் பழுது என்றால், ஐப்பசி மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து மாற்றினாலே போதும். புது வீட்டுக் கடனோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு.

இரண்டாவது, பிரிப்பதாக இருந்தால் ஓட்டையும் மரத்தையும் செங்கல்லையும் தனித்தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் பெரும்பாலும் உடையாமல் பிரிந்து வரும், மாட்டுக்கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் ஆகும். ஓடு கொட்டகைக்கு ஆகும். தகரத்தைவிட ஓட்டுக் கொட்டகையில் கோடையில் மாட்டுக்கு வெக்கை குறைவு.

மூன்றாவது, புது வீட்டுக்கு மட்டம் பார்க்கும்போது இன்றைய சாலையை அளவாக வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது உயர்ந்துகொண்டே போகிறது. தெருவில் உள்ள பழைய வீடுகளில் எந்தப் படிவரை வெள்ளம் ஏறியது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப்பால் அந்த மட்டத்தை உங்கள் மனையில் குறித்து, அதற்கு மேல் தரைமட்டம் வையுங்கள். வடிகால் வாய்க்கால் இருந்த இடத்தில் மனை விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

நான்காவது, மண் வேண்டுமென்றால் ஏரி, குளத்தில் எடுங்கள். வண்டல் மண்ணும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் அரசு அனுமதி தரும் நடைமுறை இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஏரியும் ஆழமாகும், உங்கள் வயலுக்கும் வண்டல் கிடைக்கும்.

ஏற்கெனவே மேல்மண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். முதலில் வயலைச் சமன்படுத்தி வடிகாலைச் சரிசெய்யுங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். இதை ஒரு முறையோடு நிறுத்தாமல் தொடர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மண் பரிசோதனை செய்து அங்ககக் கார்பன் அளவைக் குறித்து வையுங்கள். முன்னேற்றம் மெதுவாக இருக்கும், ஆனால் இருக்கும்.

உங்கள் ஊரில் நாட்டு ஓடு செய்பவர் இன்னும் இருந்தால், எந்தக் குளத்து மண் ஓட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று அவரிடம் இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் துறைக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. தெரிந்துகொண்டதை இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்பினால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.